சோபா கேப்டன்

விமான நிலையத்தில் அந்த மனிதருக்கு இரண்டு பட்டப்பெயர்கள். இருபத்தோரு வருடம் "நிதானம்" என்று அழைத்தார்கள். இப்போது "சோபா" என்கிறார்கள். முதல் பெயரைச் சம்பாதிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டாவது பெயர் ஒரே நாளில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தக் கதைக்கு முன்னால் ஆளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவரைத் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள்.

கேப்டனுக்கு வயது ஐம்பத்திரண்டு. எதையும் அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றினால் இரண்டின் மூக்கும் ஒரே கோட்டில் வரும்வரை காலால் தள்ளிக்கொண்டிருப்பார். காரை நிறுத்த மூன்று தடவை முன்னும் பின்னும் போவார். நான்காவது தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வார். இவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் பற்பசையே காலாவதியாகிவிடும் என்பாள் மனைவி. ஆனால் வீட்டில் எரிச்சலூட்டும் இதே குணம் ஆகாயத்தில் பெரிய சொத்து. பணிப்பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தாலே விமானப் பணிப்பெண்களுக்கு முகம் மலரும். விளிம்பு வரை ஊற்றிய காபியை வைத்துவிட்டு விமானத்தை ஏற்றச் சொன்னாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று ஒரு பேச்சு உண்டு. யாரோ ஒரு தடவை நிஜமாகவே வைத்துப் பார்த்தார்களாம். சிந்தவில்லை, ஆறித்தான் போயிற்று.

இந்த மனிதர் நிதானத்தை மறந்து துள்ளும் இடம் ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, புதிதாகச் சேர்ந்த விமானிகளுக்கு அவர் ஒரு வகுப்பு எடுப்பார். விமானி அறையில் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தப்பு என்று பட்டால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், மென்று விழுங்கக் கூடாது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். பதினோரு வருடமாக அதே வகுப்பு, பாதி நேரம் வேலை செய்யாத அதே ஏசி. இருந்தும் பையன்கள் யாரும் தூங்கமாட்டார்கள். விமானம் ஓட்டுவதை நாளைக்கே நிறுத்தச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார், அந்த வகுப்பை எடுத்துக்கொண்டால் ஆள் உடைந்துபோவார். அது மனைவிக்குத் தெரியும், அவள் தம்பிக்கும் தெரியும்.

அந்தத் தம்பி, அதாவது கேப்டனின் மைத்துனன், அதே நிறுவனத்தில் துணை விமானி. அதே வீட்டின் மாடியில் குடியிருந்தான். ஒன்பது வருடம் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து தேய்ந்தவனுக்கு அப்போதுதான் கேப்டனாகும் வாய்ப்பு வந்திருந்தது. அடுத்த மாதம் தேர்வு. அதற்குள் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். இன்னொரு தடவை கூப்பிட மூன்று வருடம் ஆகலாம்.

அத்தானுக்கும் மைத்துனனுக்கும் பேச்சுவார்த்தை நின்று அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. காரணம் ஒரு சோபா.

மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய பச்சை நிற சோபா. மைத்துனன் ஆசைப்பட்டு வாங்கியது. மாடிப்படியோ ஒல்லியானது, நடுவில் ஒரு வளைவு வேறு. கொண்டுவந்த ஆட்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அத்தான் மேல் பக்கத்தைப் பிடித்தார், மைத்துனன் கீழ்ப் பக்கத்தை. அத்தான் அவர் வழக்கப்படி ஒரு படிக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். பாரம் முழுக்கக் கீழே இருந்தவன் நெஞ்சில். வளைவு வந்ததும் அவன், சோபாவைச் சாய்க்காமல் போனால் சுவரில் இடிக்கும் என்றான். ஒரு தடவை சொன்னான், இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை அத்தானுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"நான் கேட்டா மட்டும் வாயைத் திற. கேட்காதப்ப சும்மா தூக்கு."

மைத்துனன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சோபா போய்ச் சுவரில் இடித்தது, சுவர்ப்பூச்சு உதிர்ந்தது, சோபாவின் கால் ஒன்று முறிந்து உருண்டு வாசல் வரை போயிற்று. சோபா வளைவில் ஆப்பு அடித்தாற்போல் மாட்டிக்கொண்டது. மேலே இருந்தவர் மாடி வழியாகவும் கீழே இருந்தவன் வாசல் வழியாகவும் போனார்கள். அத்துடன் சரி. சோபாவை யார் முதலில் தொடுவது என்பது மானப் பிரச்சினையாகிவிட்டது. மாடிக்குப் போகிறவர்கள் அதன் முதுகில் ஏறி இறங்கிப் போனார்கள். கூரியர் ஆள் பார்சல்களை அதன் மேல் வைத்துவிட்டுப் போகப் பழகினான். பக்கத்து வீட்டுப் பூனை அதில் குட்டி போட்டு, குட்டிகள் வளர்ந்து, காலி செய்துகொண்டும் போயின. மனைவிதான் பாவம், மாடிக்கும் கீழுக்கும் தபால்காரியாக அலைந்தாள். இருவரையும் ஒரே விமானத்தில் போடாதே என்று பணிப்பட்டியல் போடும் பெண்ணிடம் போன் செய்து கெஞ்சியவளும் அவள்தான்.

அந்தப் பெண்ணும் மூன்று மாதம் சமாளித்தாள். ஒரு நாள் காலை, கேப்டனோடு போக வேண்டிய துணை விமானிக்குப் பல்வலி கண்டு கன்னம் வீங்கிவிட்டது. மாற்று ஆளாகக் காத்திருந்தவன் மைத்துனன் ஒருவன்தான்.

அழைத்துப்போக வந்த வண்டியில் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார், ஒருவன் பின்னால். விமானி அறையில் அந்த வசதி இல்லை. முழங்கைக்கு முழங்கை இடிக்கிற இடத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். செக்லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்ல வேண்டிய பட்டியல், அதை மட்டும் இம்மி பிசகாமல் பேசினார்கள். எரிபொருள்? சரி. கதவுகள்? மூடியாயிற்று. மூன்று மாதத்தில் இருவரும் அத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். "அத்தான்" என்ற சொல் மட்டும் வரவில்லை. மைத்துனன் நறுக்கென்று "கேப்டன்" என்றான். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சுப் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. இவர்கள் அந்த விதியைத் தரையிலிருந்தே கடைப்பிடித்தார்கள்.

கிளம்புவதற்கு முன், போகும் வழியைக் கேப்டன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னார். புறப்பட்டுச் சிறிது தூரத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி. அதைக் கடக்கும்போது விமானம் எட்டாயிரம் அடிக்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் புள்ளிக்கு அடியில், தாழ்வாக, இறங்க வருகிற விமானங்கள் குறுக்கே போகும். கிளம்புகிறவர்கள் மேலே, இறங்க வருகிறவர்கள் கீழே என்பது ஏற்பாடு. இதையும் கேப்டன் தம் வாயாலேயே, அழகாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மைத்துனன் தலையை ஆட்டினான்.

விமானம் கிளம்பிற்று. ஆட்டோபைலட்டின் போக்கில் விட்டிருந்தால் அதுவே கணக்குப் போட்டு உரிய உயரத்துக்கு ஏறியிருக்கும். ஆனால் மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் இரண்டு தடவை குலுங்கிற்று. பின்னால் நூற்றைம்பது பேர். நிதானம் என்ற பெயர் எதற்கு இருக்கிறது? கேப்டன் கையை நீட்டி, குமிழைத் திருகி, நிமிடத்துக்கு எண்ணூறு அடி போதும் என்று ஏறும் வேகத்தைக் குறைத்தார். விமானம் சமர்த்தாக ஏறிற்று. குமிழை அப்படிக் கையால் திருகிவிட்டால் ஆட்டோபைலட் அந்த எட்டாயிரம் அடியைப் பற்றிக் கவலைப்படாது. ஆட்கள்தான் கவலைப்பட வேண்டும். அது அவருக்குத் தெரியும், வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் மேகத்தில் குலுங்காத சந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு சிறிய வளையம் இருக்கும். சொன்ன உயரம் எட்டாது என்றால் அது மஞ்சளாகிவிடும். ஆயிற்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனியுங்கள். கேப்டன் வளையத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கடைக்கண்ணில் வேறொன்றைப் பார்த்தார். மைத்துனனின் ஆள்காட்டி விரல் திரையை நோக்கிப் பாதி தூரம் எழுந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் மெல்லத் திரும்பிப் போய் அவன் முட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது. கேப்டன் மனதில் ஓடியது இதுதான்: என்னவோ சொல்ல வருகிறான், நான் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான், நான் எதற்குக் கேட்க வேண்டும்? கழுத்து விறைத்தது. வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது.

அதற்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது. திட்டவெல்லாம் இல்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியை மாதிரி வெகு மரியாதையாக, இப்போது எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. அவர்கள் அந்தப் புள்ளியை ஆறாயிரத்து எழுநூறு அடியில் கடந்துகொண்டிருந்தார்கள். குறுக்கே வர இருந்த விமானத்தைக் கட்டுப்பாட்டு அறை முன்கூட்டியே வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்ததால் ஆபத்து எதுவும் நெருங்கவில்லை. யார் வீட்டுக் காபியும் சிந்தவில்லை. கேப்டன் குமிழைத் திருகி ஏறும் வேகத்தைக் கூட்டினார்.

போய் இறங்கி, திரும்பி வந்து, மதியம் அலுவலகத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். இப்படி ஏதாவது நடந்தால் அவரவர் தனித்தனியாகக் கணினியில் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். சின்ன அறை, முதுகுக்கு முதுகு காட்டிய இரண்டு மேசைகள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கண்காணிக்க வேண்டிய விமானி ஏன் எச்சரிக்கவில்லை? அன்று ஓட்டியவர் கேப்டன், கண்காணிக்க வேண்டியவன் மைத்துனன். கேள்விக்குக் கீழே காரணங்களின் பட்டியல். வானிலை, வேலைப்பளு, களைப்பு, கவனக்குறைவு என்று நீண்டு, கடைசியில் "பிற".

கேப்டன் தம் நிதானத்துக்கேற்ப அந்தக் கேள்வியைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைப்பளு என்று தட்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் வாயைத் திறந்து பேசுங்கள் என்று பதினோரு வருடம் மேசையைத் தட்டிய ஆள் சோபாவுக்காக ஊமையாக இருந்தான் என்று ஊரே சிரிக்கும். வகுப்பு போய்விடும். கண்ணாடி எடுக்கிற சாக்கில் திரும்பினார். மைத்துனனின் திரை தெரிந்தது. அவன் "கவனக்குறைவு" என்பதைத் தேர்ந்தெடுத்து, வளையம் நிறம் மாறியதை நான் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரி போதும், தேர்வுக்கு அவன் முழுக்குப் போட்டுவிடலாம்.

கேப்டனுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த விரலைப் பற்றி உலகத்தில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். எந்தக் கருவியும் அதைப் பதிந்து வைக்கவில்லை. பேசாமல் திரும்பிக்கொண்டால் முடிந்தது.

"விரலைத் தூக்கினியே" என்றார்.

மைத்துனன் திரும்பவில்லை. "யாரு?"

"நீதான். வளையம் மஞ்சளானப்ப. நான் பார்த்தேன்."

இப்போது நாற்காலியோடு திரும்பினான். "பார்த்தீங்களா? அப்புறம் ஏன் என்னன்னு கேட்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"கேட்டாத்தான் வாயைத் திறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது சோபாவுக்குச் சொன்னது."

"சோபாவுக்கு மட்டும்னு நீங்க சொல்லலையே, அத்தான்."

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் வந்துவிட்டது, அதுவும் வெளியே வருவது தெரியாமலேயே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை தகராறு தீரவில்லை. சிரித்து முடித்ததும் கேப்டனின் கண் கலங்கிற்று. எழுதியதை அழி என்றார். மைத்துனன் தயங்கினான். உங்க வகுப்பு போயிடுமே என்றான். போகட்டும், பொய் சொல்லி மூன்று வருடம் வலது பக்கமே உட்காரப் போகிறாயா என்று கேட்டு அவனை அழிக்க வைத்தார். அவர் "பிற" என்பதைத் தேர்ந்தெடுத்தார். சோபாவில் தொடங்கி விரல் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினார். கடைசி வரி இப்படி இருந்தது: அவர் சொல்லத் தொடங்கியதை நான் பார்த்தேன், கேட்கவில்லை, அது என் வீம்பு.

இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்புப் பிரிவின் தலைவி இருவரையும் கூப்பிட்டார். சிரிப்பு என்பதைக் கேள்விப்பட்டு மட்டுமே இருப்பவர் போன்ற அம்மா. அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். "சுவர்ப்பூச்சு" என்ற சொல்லில் மட்டும் குரல் லேசாக நடுங்கியது. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சோபா இப்ப எங்க இருக்கு?"

"படிக்கட்டுலதான், மேடம்."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

அதையும் குறித்துக்கொண்டார். தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. இருவரும் இரண்டு நாள் சிமுலேட்டரில், அதாவது தரையை விட்டு எழும்பாத பயிற்சி விமானத்தில், ஒன்றாக உட்கார்ந்து அதே ஏற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். மைத்துனனின் தேர்வு ரத்தில்லை, ஆறு வாரம் தள்ளிப்போகிறது. கேப்டனிடமிருந்து வகுப்பைப் பறிக்கவில்லை. பறித்திருந்தால்கூடத் தேவலாம் என்று அவர் நினைக்கும்படி, இனி ஒவ்வொரு வகுப்பையும் இந்தக் கதையில்தான் தொடங்க வேண்டும் என்று போட்டிருந்தார் அந்த அம்மா. அடுத்த வகுப்பில் கதையைச் சொன்னார். பையன்கள் முதலில் சிரிக்கலாமா என்று பார்த்தார்கள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் "நிதானம்" போய் "சோபா" வந்துவிட்டது. எரிபொருள் நிரப்புகிறவர்கள்கூட இப்போது சோபா கேப்டன் வந்துவிட்டாரா என்றுதான் கேட்கிறார்கள்.

மனைவிக்கு விஷயம் தெரிந்தது தீர்ப்பு வந்த அன்று மாலைதான். இருவரையும் கூடத்தில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "பின்னாடி நூத்தம்பது பேரை உட்கார வெச்சுக்கிட்டு, முன்னாடி ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்களா? அவங்களுக்கும் வீட்ல அக்கா தம்பி இருக்க மாட்டாங்களா?" அதுவரை சிரிப்புக்கதையாக இருந்தது அந்த நிமிடத்தில் சிரிப்பாக இல்லை. கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சோபா படியை விட்டு நகர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழையபடி அத்தான் மேலே, மைத்துனன் கீழே. பூனை முடியைத் தட்டிவிட்டுச் சோபாவைப் பிடுங்கி, நாலு படி கீழே இறக்கி, மறுபடி தூக்கினார்கள். வளைவு வந்தது.

"இப்படியே போனா இடிக்கும், அத்தான்."

கேப்டன் அப்படியே நின்றார். "எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு விரல்."

"எந்தப் பக்கம் சாய்க்கலாம்?"

அவன் சொன்ன பக்கம் சாய்த்தார். போகவில்லை. இன்னொரு பக்கம் சாய்த்தார்கள். அப்போதும் போகவில்லை. படியின் கீழே நின்ற மனைவி, முறிந்த கால் இருந்த மூலை மட்டும் எங்கும் இடிக்காமல் போகிறதே, மற்ற மூன்று காலையும் கழற்றினால் என்ன என்று கேட்டாள். இரண்டு விமானிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருகாணி போட்ட கால்கள். கழற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. சோபா வெண்ணெய் மாதிரி வளைவைத் தாண்டி மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கால்களைத் திரும்பப் பூட்டலாம் என்றால் நாலாவது காலைக் காணவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வாசலுக்கு உருண்டுபோனதை யார் எடுத்தார்களோ. ஆகவே பச்சை சோபா இன்றும் காலில்லாமல் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. அன்று வேர்த்து வடிந்துபோன கேப்டன் முதல் ஆளாக அதில் உட்கார்ந்தார். அமுங்கி அமுங்கி முட்டி காதைத் தொடுகிற ஆழத்துக்குப் போய்விட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. மைத்துனன் எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

கேப்டன் அன்றைக்கு அவனை அதிக நேரம் காக்க வைக்கவில்லை. கையை நீட்டினார்.

"தூக்கிவிடு, மச்சான்."